லிபரோவாக ஆடியவர் கோச் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபாலில் பின்வரிசையில் நின்று பந்து எடுத்தே பல வருடம் ஆடியவர்கள், ஆட்டத்தை நிறுத்தும் வயது நெருங்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. கல்லூரி அணியில் ஆடுபவர்கள் கேட்கிறார்கள், துறை அணிகளில் ஆடுபவர்கள் கேட்கிறார்கள், உயரம் குறைந்த பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும் கேட்கிறார்கள். லிபரோக்களுக்குக் கோச் வேலையில் பெரிய இடம் இருக்கிறது, ஆனால் அது தானாக வந்து சேராது என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் எல்லாம் அந்த நோக்கில் எழுதியவைதான்.

லிபரோ என்பவர் யார்?

அணியில் வேறு நிற ஜெர்சி போட்டு நிற்பவர். பின்வரிசையில் மட்டும் ஆடுவார். எதிரணியின் சர்வீஸை வாங்குவதும், ஸ்பைக்கை (எழும்பி ஓங்கி அடிக்கும் பந்தை) எடுப்பதும், பிளாக்கில் (வலையருகே எழும்பிக் கைகளால் போடும் தடுப்பில்) பட்டுச் சிதறும் பந்தைக் கீழே விழாமல் காப்பதும் அவர் வேலை. சர்வதேச ஆட்டத்தில் இந்த இடம் 1998இல் அதிகாரபூர்வமாக வந்தது. ஒலிம்பிக்கில் முதலில் லிபரோ இறங்கியது 2000ஆம் ஆண்டு சிட்னியில். அடிப்பவர்களின் பலம் கூடிக்கொண்டே போய், பந்து இரண்டு மூன்று முறை வலையைத் தாண்டுவதற்குள் பாயின்ட் முடிந்துவிடும் நிலை வந்திருந்தது. தடுப்பாட்டத்துக்கு ஒரு கை கொடுக்கவும், உயரம் குறைந்த திறமைசாலிகளுக்கு ஓர் இடம் கிடைக்கவும் இந்த விதி உதவியது.

அவர் செய்யக்கூடாதவை என்னென்ன?

வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருக்கும் பந்தை அடித்து அனுப்பக்கூடாது. பிளாக் போடக்கூடாது, போட முயலவும் கூடாது. வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் அவர் தூக்கிக் கொடுத்த பந்தை, வலைக்கு மேலிருந்து சக வீரர் அடித்தால் அது தவறு. கோட்டுக்குப் பின்னால் இருந்து தூக்கிக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. சர்வதேச விதிப்படி சர்வீஸ் போடவும் முடியாது. நெடுநாள் லிபரோ கேப்டனாகவும் இருக்க முடியாமல் இருந்தது, அது பின்னர் மாறிவிட்டது.

இன்னொன்று முக்கியம். லிபரோ உள்ளே வருவதும் வெளியே போவதும் வழக்கமான ஆள் மாற்றக் கணக்கில் சேராது. எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம், நடுவே ஒரு பாயின்ட் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோச் ஆவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, கீழே வருகிறேன்.

அமெரிக்க அணிப் பட்டியல்களில் ‘டிஃபென்சிவ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று ஒருவர் இருக்கிறாரே, அவரும் லிபரோவும் ஒன்றா?

இல்லை. அவர் சாதாரண ஜெர்சியில் ஆடும் சாதாரண வீரர்தான், தடுப்புக்காகப் பின்வரிசையில் இறக்கப்படுபவர். சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு ஆறு ஆள் மாற்றம் மட்டுமே, அதனால் அப்படி ஒருவரைத் திரும்பத் திரும்ப இறக்குவது கட்டுப்படியாகாது. அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒரு செட்டுக்குப் பதினைந்து மாற்றம் வரை அனுமதி. எனவே அங்கே ஒரே அணியில் லிபரோ, கூடவே இரண்டு மூன்று தடுப்பாளர்கள் என்று வைத்துக்கொள்கிறார்கள். சர்வீஸ் தங்கள் பக்கம் வரும்போதெல்லாம் வீரர்கள் இடம் மாறிச் சுழல்வார்களே, அந்தக் கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒரு சுழற்சி இடத்தில் லிபரோ சர்வீஸும் போடலாம். உயரம் குறைந்தவர்கள் பல வருடம் உயர்மட்டத்தில் ஆட அங்கே இப்படி இடம் கிடைக்கிறது, தடுப்பு தெரிந்த கோச்சுகளும் அங்கிருந்து நிறைய வருகிறார்கள்.

லிபரோவுக்குக் கோச் ஆகும் தகுதி அதிகம் என்கிறார்களே, ஏன்?

மூன்று காரணம் சொல்வேன்.

முதலாவது, பார்க்கும் இடம். ஸ்பைக் அடிப்பவர் ஓடிவந்து எழும்பும் நேரத்தில் பந்தையும் எதிரே எழும் கைகளையும் மட்டும்தான் பார்க்கிறார். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு, முதல் பந்து வரும் நேரமெல்லாம் கவனம் அதன் மேல்தான். பின்னால் நிற்கும் லிபரோவின் கண்ணில்தான் பன்னிரண்டு பேரும் படுகிறார்கள். அவர் பிழைப்பே ஊகத்தில் இருக்கிறது. ஆண்கள் ஆட்டத்தில் நல்ல ஜம்ப் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். அரை நொடி சொச்சத்தில் பந்து முன்னால் நிற்கும். பந்து வந்த பிறகு யோசிக்க நேரமே இல்லை. சர்வீஸ் போடுபவர் பந்தை எங்கே தூக்குகிறார், தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, போன முறை எங்கே போட்டார் என்று முன்கூட்டியே படித்து வைத்திருந்தால்தான் கை சரியான இடத்தில் இருக்கும். ஆட்டத்தை இப்படிப் படிப்பதுதான் கோச்சின் வேலையிலும் பாதி.

இரண்டாவது, போவதும் வருவதும். லிபரோ பெரும்பாலும் நடுவில் பிளாக் போடும் உயரமான வீரருக்குப் பதிலாகத்தான் இறங்குகிறார். ஒரு நடு வீரர் முன்வரிசைக்குச் சுழன்றதும் லிபரோ வெளியேற வேண்டும், இன்னொரு நடு வீரர் சர்வீஸ் போட்டு முடித்த பிறகுதான் திரும்ப உள்ளே போவார். அந்த இடைவெளியில் அவர் கோச்சின் பக்கத்தில் நிற்கிறார். டைம் அவுட் எடுக்காமலே உள்ளே செய்தி அனுப்பக் கோச்சுக்குக் கிடைக்கும் ஆள் அவர்தான். ‘நாலாம் இடத்துக்காரன் (முன்வரிசை இடது ஓரத்தில் அடிப்பவன்) லைனில் (ஓரக்கோட்டை ஒட்டி) அடிக்கிறான், பிளாக்கை அந்தப் பக்கம் மூடச் சொல்’ என்று கோச் சொன்னதைச் சுமந்துபோய், உள்ளே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு சொல்லில் சொல்லிப் பழகியவர். வருடக்கணக்கில் இதைச் செய்தவருக்குக் கோச்சின் சிந்தனை எப்படி ஓடும் என்று பழக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பேச்சு. பின்வரிசையில் வாய் மூடி நிற்கும் லிபரோ பாதி லிபரோதான். ‘மைன்’, ‘அவுட்’, ‘டிப் வருது’, ‘நீ உள்ளே வா’ என்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். இருவருக்கு நடுவே வரும் பந்து யாருடையது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பங்கு பிரித்துச் சொல்வதும் அவர்தான். பாயின்ட் அடித்துப் பெயர் வாங்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. மற்றவர் நன்றாக ஆடினால்தான் தன் வேலை தெரியும் என்ற மனநிலை சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

உண்மையில் அப்படிப் போய் வென்றவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம் தமா மியாஷிரோ. ஹவாயைச் சேர்ந்தவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிபரோவாக ஆடியவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியில் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் செட்டில் பிரேசிலை 25–11 என்று அமெரிக்கா நொறுக்கியது, அடுத்த மூன்று செட்டையும் பிரேசில் எடுத்துத் தங்கத்தைக் கொண்டுபோனது. அந்த அணியின் முதல் லிபரோ நிக்கோல் டேவிஸ், மியாஷிரோ அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். பெஞ்சிலிருந்து பார்த்த நேரம் அவருக்கு நிறைய. கோச்சாக அவர் வளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் கார்ச் கிராய் தலைமையிலான தேசிய அணியின் துணைக் கோச்சுகளில் ஒருவரானார். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 8: அதே பிரேசிலை 3–0 என்று வென்று அமெரிக்கப் பெண்கள் தங்கள் முதல் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார்கள். அந்தப் போட்டியின் சிறந்த லிபரோவாகத் தேர்வானவர் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்-ஓரன்டெஸ். ஒரு லிபரோ கோச்சாக இருந்த அணியின் லிபரோவுக்கு அந்த விருது கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2025இல் ஆட்டம் தொடங்கிய லீக் ஒன் வாலிபால் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் மியாஷிரோ சால்ட் லேக் அணியின் தலைமைக் கோச் ஆனார்.

அடுத்தவர் எரிக் சல்லிவன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆடி, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இரண்டிலும் அமெரிக்க ஆண்கள் அணியின் லிபரோவாக இருந்தவர். ஏதென்ஸில் அந்த அணி நான்காவது இடம். பிறகு கல்லூரிப் பெண்கள் வாலிபாலுக்குப் போனார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தலைமைக் கோச் ஜெரிட் எலியட்டின் கீழ் பத்து வருடத்துக்கு மேல் துணைக் கோச்சாக இருந்தார். 2012, 2022, 2023 என்று மூன்று தேசியப் பட்டம் அந்தக் காலத்தில் வந்தவை. பெயர் எல்லாம் தலைமைக் கோச்சுக்குத்தான் போகும், அவர் அசரவில்லை. கிராய் ஆண்கள் அணிக்கு மாறியதும், 2025இல் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியின் தலைமைக் கோச் பதவி சல்லிவனுக்கு வந்தது.

கேலா பேன்வார்த் கதை இதற்கு நேர் எதிர் வேகம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆடி, 2014 உலகச் சாம்பியன்ஷிப் தங்கமும் 2016 ரியோ ஒலிம்பிக் வெண்கலமும் வென்ற அமெரிக்க அணியின் லிபரோ. ரியோ முடிந்த அடுத்த வருடமே தன் பழைய பல்கலைக்கழகத்தில் துணைக் கோச். அந்த 2017 சீசனிலேயே நெப்ராஸ்கா தேசியப் பட்டம் வென்றது. 2019 இறுதியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச்சாக அறிவிக்கப்பட்டார். ஜெர்சியைக் கழற்றியதற்கும் தலைமைப் பதவிக்கும் நடுவே மூன்று வருடம்தான்.

அப்படியானால் மற்ற இடங்களில் ஆடியவர்களைவிட லிபரோதான் சிறந்த கோச் ஆவாரா?

அப்படிச் சொல்ல மாட்டேன். உலகின் பெரிய கோச்சுகளில் பலர் அடித்து ஆடியவர்கள். சீனாவின் லாங் பிங் 1984 ஒலிம்பிக் தங்க அணியின் முன்னணி ஸ்பைக்கர். கோச்சாக 2008இல் அமெரிக்கப் பெண்களை வெள்ளிக்கும், 2016இல் சீனப் பெண்களைத் தங்கத்துக்கும் கொண்டுபோனார். பிரேசிலின் பெர்னார்டினோ செட்டர். கிராய் அடிப்பவர், ஆனால் அவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1984இல் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணியில் எதிரணியின் சர்வீஸ் முழுவதையும் வாங்கும் பொறுப்பு இரண்டே பேருடையது. கிராய் ஒருவர், ஆல்டிஸ் பெர்சின்ஸ் இன்னொருவர். லிபரோ என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

லிபரோவுக்குக் கிடைப்பது ஒரு முன்தொடக்கம். செட்டருக்கும் அது உண்டு.

லிபரோவாக இருந்தவருக்கு என்னதான் தெரியாது?

நிறைய. பிளாக்கில் கையை வலைக்கு அப்பால் எப்போது நீட்டுவது, நடு வீரர் செட்டரைப் பார்த்து எப்போது எழும்புவது, ஸ்பைக்கரின் கடைசி இரண்டு அடி எப்படி விழ வேண்டும் என்பதெல்லாம் அவர் பின்னால் இருந்து பார்த்ததுதான், உடம்பால் செய்ததில்லை. அணியின் முன்வரிசை ஆட்கள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ‘இவர் ஒரு நாளாவது பிளாக் போட்டிருக்கிறாரா?’ என்று மனதுக்குள் நினைப்பார்கள்.

வழி ஒன்றுதான். ஆடும் காலத்திலேயே பயிற்சி முடிந்த பிறகு கொஞ்ச நேரம் செட்டரோடு நில்லுங்கள். ஊர்ப்பக்கத்தில் லிஃப்டர் என்பார்களே, அவரிடம் ஒவ்வொரு பந்துக்கும் ‘ஏன் அங்கே கொடுத்தாய்?’ என்று கேளுங்கள். நடு வீரரிடம் ‘எதைப் பார்த்து எழும்புகிறாய்?’ என்று கேளுங்கள். தங்கள் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். கோச் ஆன பிறகும், தெரியாததைத் தெரிந்த துணைக் கோச்சிடம் ஒப்படைக்கத் தயங்க வேண்டாம்.

ஆடுவதிலிருந்து சொல்லிக்கொடுப்பதற்கு மாறும்போது மிகக் கடினமானது எது?

தன் உடம்புக்குத் தெரிந்ததைச் சொல்லாக மாற்றுவது. இருபது வருடம் தோசை சுட்டவரிடம் மாவு பதம் கேட்டால் ‘பார்த்தால் தெரியும்’ என்பார். நல்ல லிபரோவும் அதையேதான் சொல்வார்: ‘பந்து அங்கே வரும்னு தெரிஞ்சுது, போனேன்.’ பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

பார்வையை வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதிரணியின் முதல் பந்து செட்டரிடம் போகும் வரை பந்தைப் பார். பந்து நன்றாகப் போயிருக்கிறதா, வலையை விட்டு விலகியிருக்கிறதா என்று தெரிந்தவுடன் செட்டரின் உடம்பைப் பார். பந்து அவர் கையை விட்டதும் திரும்பப் பந்தைப் பார், எவ்வளவு உயரம், வலைக்கு எவ்வளவு பக்கம் என்று முடிவு செய். உடனே கண்ணைப் பந்திலிருந்து எடுத்து அடிப்பவரிடம் கொண்டுபோ: ஓடிவரும் கோணம், தோள், கடைசியில் கை. அவர் பந்தைத் தொடும் நொடியில் நீ ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, நின்றிருக்க வேண்டும்.

பந்து, செட்டர், பந்து, அடிப்பவர் என்ற இந்த வரிசையைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் வாயால் ஒப்பித்துவிடுவார்கள். கண் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்களின் கண் பந்தோடு ஒட்டிக்கொண்டு வரும், அடிப்பவரிடம் போகவே போகாது. ஒரு நல்ல சோதனை உண்டு. எதிரே அடித்த பிறகு உடனே ஆட்டத்தை நிறுத்தி, ‘அடித்தவர் எத்தனை அடி எடுத்து வைத்தார்? நேராக வந்தாரா, சாய்வாக வந்தாரா?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கண் எங்கே இருந்தது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

சர்வீஸ் வாங்குவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உங்கள் பெயர் நிற்கப்போவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையின் வடிவம் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கை நேராக இருக்க வேண்டும், முட்டி மடங்க வேண்டும் என்று எல்லா கோச்சும் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டத்தில் விழும் பாயின்ட்களில் பெரும்பங்கு இருவருக்கு நடுவே விழுபவை. எனவே முதல் பாடம் பங்கு பிரிப்பது. நடுவே வரும் குறைந்த உயரப் பந்து யாருக்கு, நீளமாகப் பின்னால் போகும் பந்து யாருக்கு, ஒருவர் முன்னால் வெட்டிப் போனால் மற்றவர் பின்னால் எப்படிச் சுற்றி வருவது. இதை நின்றபடியே, பந்து இல்லாமல் நடந்து காட்டிப் பழக்கலாம்.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு பந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. செட்டருக்கு எல்லா வழியும் திறந்திருக்கிற மாதிரி பந்து போனால் 3. நடுவில் வேகமாக அடிக்கும் வழி மூடி, ஓரங்கள் மட்டும் மிஞ்சினால் 2. எப்படியோ உயரமாகத் தூக்கிக் கொடுத்துச் சமாளிக்கும் நிலை என்றால் 1. நேரடிப் பாயின்ட் போய்விட்டால் 0. பத்துப் பந்தில் நாலு 3, மூன்று 2, இரண்டு 1, ஒரு 0 என்றால் மொத்தம் 20, சராசரி 2. பள்ளி அணிக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஓரமாக நிற்கும் பிள்ளையிடம் எழுதும் வேலையைக் கொடுங்கள், அதுவே அந்தப் பிள்ளைக்குப் பாடம். பெரிய அணிகளில் இதற்கு டேட்டா வாலி போன்ற மென்பொருள் இருக்கிறது.

மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் கத்திச் சொல்ல வேண்டாம். சர்வீஸ் வாங்குபவரின் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், எதிரணி அவரையே குறிவைத்துப் போட்டுக்கொண்டிருக்கும். இதை உங்கள் அளவுக்கு உணர்ந்தவர் யாரும் அணியில் இருக்க மாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு பந்து விட்டவரிடம் போய்க் கை வடிவம் பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். ‘ஓர் அடி பின்னால் நில்’ என்று செய்யக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

விரலால் வாங்குவதையும் பழக்குங்கள். எதிரணியிலிருந்து வரும் முதல் பந்தை ஒரே அசைவில் வாங்கும்போது இரட்டைத் தொடுதலுக்கு விதியில் மன்னிப்பு உண்டு. பந்தைப் பிடிப்பதும் எறிவதும்தான் கூடாது. மிதந்து வரும் சர்வீஸுக்கு இது மிகவும் உதவும். நம் பள்ளி மைதானங்களில் பலர் இன்னும் இதைத் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஸ்பைக் அடித்தே பழகவில்லை. கோச் ஆனால் அடிக்க வேண்டியிருக்குமா?

கட்டாயம். லிபரோக்கள் யோசிக்காமல் விட்டுவிடும் விஷயம் இது. தடுப்புப் பயிற்சி என்றால் கோச் எதிரே நின்றோ, மேசை மேல் ஏறி நின்றோ, பிள்ளைகளை நோக்கி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாலைக்கு நூற்றுக்கணக்கில் பந்து போகும். வேகம் முக்கியமில்லை. நினைத்த பிள்ளையின் இடது முழங்காலுக்கு ஓர் அடி தள்ளி என்றால் அங்கேதான் விழ வேண்டும்.

ஆடும்போதே இதைப் பழகுங்கள். தரையில் நின்றபடி, பந்தைத் தானே தூக்கி, மணிக்கட்டை மடக்கிக் கீழ்நோக்கி அடிப்பதில் தொடங்கி, பிறகு மேசை மேல். தோளைச் சூடாக்காமல் அடிக்கத் தொடங்க வேண்டாம். விளையாடிய காலத்தில் வராத தோள்வலி கோச்சான பிறகு வருவது இந்த வேலையால்தான். அடிக்கும் பந்தின் எண்ணிக்கையைக் குறைக்க, வாரத்தில் சில நாள் அணியின் ஸ்பைக்கர்களையே அடிக்கச் சொல்லுங்கள். உண்மையான கை அசைவைப் பார்த்து எடுப்பது தடுப்பாளர்களுக்கும் நல்லது. மேசை மேல் நிற்கும் கோச்சிடம் ஓடிவரும் கோணமும் இல்லை, எழும்பும் நேரமும் இல்லை.

கூட ஆடியவர்களுக்கே கோச் ஆவது சங்கடமா?

ஆரம்பத்தில் இருக்கும். மியாஷிரோவையே பாருங்கள். லண்டனில் அவரோடு ஆடிய ஜோர்டன் லார்சனும் ஃபொலூக்கே அக்கின்ராடேவோவும் டோக்கியோவில் அவர் கோச்சாக இருந்த அணியில் ஆடினார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேரும். நேற்று வரை ‘டேய்’, ‘மச்சான்’ என்று கூப்பிட்டவர்கள். மைதானத்துக்கு வெளியே அந்த உறவு அப்படியே இருக்கட்டும். ஆனால் முதல் ஆறு பேரில் யார் இறங்குவது என்ற பேச்சை மட்டும் டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முடிந்தால் முதல் இரண்டு வருடம் வேறு வயதுப் பிரிவிலோ வேறு அணியிலோ தொடங்குவது நல்லது.

இந்தியாவில் கோச் வேலைக்கு என்ன படிப்பு வேண்டும்?

அரசு சார்ந்த கோச் பணிகளுக்கு எதிர்பார்க்கப்படுவது பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ. பேச்சுவழக்கில் என்ஐஎஸ். வாலிபால் அதில் ஒரு பாடப்பிரிவு. முழுநேரப் படிப்புக்குப் போக முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே தகுதியாக எண்ணப்படுவதில்லை. சேர்வதற்கு நீங்கள் எந்த அளவில் ஆடினீர்கள் என்பதும் பார்க்கப்படும், எனவே பல்கலைக்கழக, மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். பலர் அவற்றைத் தொலைத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக பி.பி.எட் என்ற உடற்கல்விப் பட்டப்படிப்பு வழி. சென்னை நந்தனத்தில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அறிந்த இடங்கள். சர்வதேச வாலிபால் சம்மேளனம் படிப்படியான கோச் பயிற்சிகளை நடத்துகிறது, முதல் நிலையிலிருந்து மேலே போகலாம். தமிழ்நாட்டிலிருந்து ஆட்டக்காரராக அர்ஜுனா விருதும் கோச்சாகத் துரோணாச்சாரியார் விருதும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் இருக்கிறார். இரண்டு பக்கமும் உயரம் தொட முடியும் என்பதற்கு வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் தேட வேண்டியதில்லை.

பெண்களுக்கு இந்த வழி எப்படி?

தேவை மிக அதிகம். பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில், அணியோடு ஒரு பெண் கோச் வருகிறார் என்றால் அம்மாவின் பதிலே மாறும். திருமணத்தோடு ஆட்டம் நின்றுபோன எத்தனையோ நல்ல தடுப்பாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரம், அரசுப் பள்ளி மைதானத்தில் பத்துப் பிள்ளைகள் என்று அவர்கள் திரும்பத் தொடங்கலாம். பள்ளி நிர்வாகங்கள் அவர்களைத் தேடிப் போய் அழைக்க வேண்டும், சம்பளமும் கொடுக்க வேண்டும். ‘சேவை’ என்று சொல்லி இலவசமாக வாங்குவது நியாயம் இல்லை.

எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

ஆடிக்கொண்டிருக்கும்போதே. கடைசி இரண்டு மூன்று வருடத்தில் கோடை முகாம்களில் சிறுவர் பிரிவை ஏற்று நடத்துங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எதிரணியின் ஆறு சுழற்சிகளையும் எழுதுங்கள்: எந்த இடத்தில் யார் சர்வீஸ் வாங்குகிறார், எந்தச் சுழற்சியில் அவர்கள் தடுமாறுகிறார்கள். முழங்காலோ தோளோ திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அந்த நோட்டு கையில் இருப்பவருக்கு அடுத்த நாள் செய்ய வேலை இருக்கும்.

தலைமைக் கோச் ஆகாமல் துணைக் கோச்சாகவே இருந்துவிட்டால்?

அதில் என்ன குறை? சல்லிவன் தேசிய அணிக்குத் தலைமை ஏற்றது ஏதென்ஸில் ஆடி இருபது வருடம் கழித்து. தலைமைக் கோச்சுக்குப் பத்திரிகையாளர், நிர்வாகம், பயணச் செலவு, பெற்றோர் புகார் என்று பாதி நாள் போய்விடும். மைதானத்தில் பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர் துணைக் கோச். சொல்லிக்கொடுப்பதில்தான் உங்களுக்கு ஆசை என்றால் அந்த இடத்தையே கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் வாங்குவதும் தடுப்பும் முழுக்க உங்கள் பொறுப்பு என்று முதல் நாளே தலைமைக் கோச்சோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நேரத்தில் அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.